லால்பாக்கில் தலை குனிந்து நடக்கவும்

பெங்களூருக்கு வருகிற உறவுக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இதைத்தான்: "லால்பாக்குல இப்ப பூ இருக்குமா?" இருக்கும். எந்த மாதம் வந்து இறங்கினாலும் இருக்கும். மே மாதக் கண்காட்சிக்கு ஊட்டி போவதுபோலத் தேதி குறித்துக்கொண்டு வரவேண்டிய இடமல்ல இது. கேட்க வேண்டிய கேள்வி, எந்த மரம் என்பது. ஊரில் மா பூத்ததா, புளி பூத்ததா என்று விசாரிப்போமே ஒழிய, தோப்பு பூத்ததா என்று யாராவது கேட்பார்களா?

தொலைபேசி இலாகாவில் டிரங்க் கால் போடும் ஆபரேட்டராகச் சேர்ந்து, கும்பகோணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவள் நான். வீடு பசவனகுடிப் பக்கம். நடக்கிற தூரத்தில் லால்பாக்கின் மேற்கு வாசல். வேலையில் இருந்த காலமெல்லாம் அது பஸ் ஜன்னலில் ஓடுகிற மதில்சுவர், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகுதான் உள்ளே நடக்கத் தொடங்கினேன். காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் கைபேசியில் எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்கிறார்கள். மீதிப் பேர் அரசியல் பேசுகிறார்கள். மரம் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம்தான். நாங்கள் ஒருவரையொருவர் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வோம், ஏனென்றால் நாங்கள்தான் நடைபாதை நடுவில் திடீரென்று நின்று பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்குகிறவர்கள்.

1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதையும் கன்றும் வரவழைத்து அதை வளர்த்தார். 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. அதன்பின் லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பழகியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்காணிப்பாளர்களாக வந்தார்கள். 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரன் அவர்களில் ஒருவர். நாம் கூட்டு வைக்கிற சௌசௌ, அதாவது பெங்களூர்க் கத்தரிக்காய், அவர் காலத்தில்தான் இங்கே வேர் பிடித்தது என்பார்கள். இன்றைக்குத் தோட்டத்தின் பரப்பு 240 ஏக்கர்.

இவ்வளவு பெரிய இடத்தில் பூத்த மரத்தை எப்படித் தேடுவது? அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வயதான தோட்டக்காரர். திகளர் சமூகத்துக்காரர். ஹைதர் அலி காலத்தில் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வந்து இந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் என்று சொல்லப்படுகிற சமூகம் அது. அவர்கள் பேசும் தமிழில் கன்னடமும் தெலுங்கும் புகுந்து புறப்படும். நான் கழுத்தை வளைத்து வளைத்து மேலே பார்த்துக்கொண்டு போவதை அவர் கவனித்திருக்கிறார்.

"மேல பாத்துக்கினே போனா கழுத்து புடிச்சிக்கும்மா. கீழ பாருங்க மொதல்ல. பூ கொட்டிக் கெடக்கிற எடத்துல நின்னுக்கினு அப்பறமா அண்ணாந்து பாருங்க."

இதைவிட நல்ல தாவரவியல் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. எண்பது அடி உயர மரத்தின் உச்சியில் என்ன பூத்திருக்கிறது என்று கீழிருந்து தெரியாது; இலை மறைத்துவிடும். தரை மறைக்காது. நீல ஊதா நிறத்தில் விரல்நீளக் குழல்கள் கிடந்தால் ஜகரண்டா. கசங்கிய மஞ்சள் இதழ்கள் பாதையை மூடியிருந்தால் இயல்வாகை. வெள்ளையில் நீளக் காம்போடு கிடந்தால் மரமல்லி. கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், இதழை எண்ணலாம். மரத்திலிருந்து பறித்தால் காவலர் விசில் ஊதுவார். கீழே கிடப்பதை எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார்.

கன்னடக்காரர்களுக்கு ஆண்டு தொடங்குவது யுகாதியில். லால்பாக்கின் ஆண்டையும் அங்கிருந்தே தொடங்கலாம். மார்ச் மாதத்தில் முதலில் கண்ணில் படுவது பூவே அல்ல, புங்கந்தளிர். ஹொங்கே என்பார்கள் இங்கே. பழைய இலையை உதிர்த்துவிட்டுச் சில நாளிலேயே முழு மரமும் எலுமிச்சைப் பச்சையில் பளபளக்கும். வெயில் அதன் வழியாக இறங்குகிறபோது கீழே நிற்கிற ஆள்கூடப் பச்சையாகத் தெரிவார். பூ அதற்குப் பிறகு வரும். பொரி கொட்டினாற்போல் சின்னச் சின்னதாக உதிரும்.

இதே பருவத்தில் அசோகும் பூக்கிறது. பலர் நெட்டிலிங்க மரத்தை அசோகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பங்களா மதில் ஓரம் ஊசிபோல் நெட்டையாக நிற்கிற அது வேறு. சீதை உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் அசோகு குடைபோல் படர்ந்த, அத்தனை உயரமில்லாத மரம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதன் கிளைகளில், சில சமயம் பருத்த கிளையிலேயே நேராக, ஆரஞ்சுக் கொத்துகள் வெடிக்கும். மஞ்சளாகப் பிறந்து, ஆரஞ்சாகி, சிவப்பில் முடிகிற பூ. அந்த நிறமெல்லாம் இதழ் என்று நினைப்போம். அசோகுக்கு இதழே கிடையாது. பூவின் அடியில் பச்சையாக இருக்கவேண்டிய புல்லி இதழ்கள்தான் அங்கே நிறம் பூசிக்கொண்டு வேலை பார்க்கின்றன. இந்தத் தந்திரத்தை இன்னும் சில செடிகள் செய்வதைப் பிறகு சொல்கிறேன்.

ஜகரண்டா அர்ஜென்டினா, பொலிவியா பக்கத்திலிருந்து வந்தது. மஞ்சள் டபேபூயா பிரேசில் பக்கத்து ஆள். தக்கைபோல் வெடித்த பட்டை, வெள்ளி பூசினாற்போன்ற இலை. இலை உதிர்ந்த பிறகு மரம் முழுக்க மஞ்சள் மட்டும் இருக்கும். பிப்ரவரியில் மஞ்சள், மார்ச்சில் நீலமும் வெளிர் ரோஜாவும், ஏப்ரலில் மறுபடி மஞ்சள், மே மாதம் சிவப்பு என்று ஒன்றன் வால் பிடித்து ஒன்று வருவதைக் கவனித்தால், இதை யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். போட்டவர் உண்டு.

குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரை அடுத்து 1865இல் பிறந்தவர். கியூ தோட்டத்தில் வேலை செய்து, பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, அங்கிருந்து 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து லால்பாக்கின் பொறுப்பை ஏற்றார். 1932 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தெருவுக்குத் தெரு வேறு மரம் நடுவது, ஒரு தெரு பூத்து ஓய்கிறபோது அடுத்த தெரு தொடங்குவது, ஆண்டு முழுக்க ஊரில் எங்கேயாவது ஒரு நிறம் இருப்பது என்பது அவருடைய யோசனை. அதற்காக எந்த மரம் எந்த நாட்டில் எந்த மாதம் பூக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. மூன்றாயிரம் அடி உயரத்தில், இரண்டு மழைக்காலம் உள்ள இந்த ஊரில் அது எப்போது பூக்கும் என்று நட்டு வளர்த்துப் பார்க்கவேண்டும். லால்பாக் அந்தப் பரிசோதனைக்கான நாற்றங்கால். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. 1956இல் இங்கேயே இறந்தார். ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். லால்பாக்கை ஒட்டி அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. ஆட்டோக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும் விதத்தைக் கேட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எல்லாப் பெருமையையும் ஜெர்மானியருக்கே கொடுப்பதும் சரியல்ல. இன்று ஊர்த் தெருக்களில் நிற்கிற மரங்களில் பெரும்பகுதி 1980களில் நடப்பட்டது. எஸ்.ஜி. நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி அப்போது சுமார் 15 லட்சம் கன்றுகளை நடுவித்தார் என்று சொல்கிறார்கள். 2021இல் அவர் காலமானார். கைபேசியில் நாம் பிடிக்கிற இளஞ்சிவப்புத் தெருக்களில் பலவற்றுக்கு அவருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

ஏப்ரலில் கரகம் வருகிறது. சித்ரா பௌர்ணமி இரவில், திரௌபதியின் பெயரால், திகளர்கள் தருமராயர் கோயிலிலிருந்து எடுக்கிற ஊர்வலம். மல்லிகைச் சரங்களால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கி, கையால் தொடாமல் இரவு முழுக்க ஊரைச் சுற்றி வருவார் பூசாரி. அந்த நாட்களில் என் தோட்டக்காரரை லால்பாக்கில் பார்க்க முடியாது. தோட்டத்தில் அப்போது மஞ்சள் ஆட்சி. இயல்வாகை ஒரு பக்கம், சரக்கொன்றை ஒரு பக்கம். இரண்டும் மஞ்சள்தான், குணம் வேறு. இயல்வாகைப் பூ மேல் நோக்கி நிமிர்ந்து நிற்கும்; கொன்றை சரமாகத் தொங்கும். இயல்வாகையில் போன வருஷத்துச் செம்புநிறக் காய்கள் இன்னும் உதிராமல் மஞ்சளுக்கு நடுவே துருப்பிடித்தாற்போல் இருக்கும். கொன்றைக்கோ முழ நீளத்துக்குக் கறுப்புக் குழாய்கள். இயல்வாகை இலங்கைக் கடலோரத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் வட கரை வரைக்கும் சொந்தமாக வளர்கிற மரம். அதைத் தெருவில் நட்டவர்களை நான் வாழ்த்துவேன், ஸ்கூட்டர் நிறுத்துகிறவர்கள் வாழ்த்தமாட்டார்கள். காலையில் வண்டியைத் துடைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் அது மஞ்சள் வண்டி.

மே மாதச் செம்மயிற்கொன்றையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். குல்மோகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மடகாஸ்கரிலிருந்து வந்து உலகத்து வெப்ப நாடுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து இதழ்களைப் பிரித்துப் பாருங்கள்: நான்கு சிவப்பு, ஐந்தாவது மட்டும் வெள்ளையிலும் மஞ்சளிலும் கோடு போட்டது. பூச்சிக்கும் பறவைக்கும் தேன் எங்கே என்று வழி காட்டுகிற இதழ் அது. பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் ஒன்றைத் தலையோடு எடுத்துக் கொக்கிபோல் மாட்டி இழுத்து, யார் தலை அறுகிறது என்று பந்தயம் கட்டிய பள்ளிக்கூட நாள் உங்களுக்கும் இருக்கும். தூங்குமூஞ்சி மரமும் இதே வெயிலில்தான் பூக்கிறது. ஆனால் அத்தனை பெரிய குடைக்கு மேலே அந்த இளஞ்சிவப்புக் குஞ்சங்கள் யாருக்குத் தெரிகின்றன? அதையும் தரையில்தான் பார்க்கவேண்டும்.

நாகலிங்க மரத்தடியில் எப்போதும் நான்கு பேர் கைகூப்பி நிற்பார்கள். நம் சிவன் கோயில் பிராகாரங்களில் பார்த்துப் பார்த்து, அது ஆதி முதலே நம்முடையது என்று தோன்றிவிட்டது. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடபகுதி. பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்தைச் சுற்றிக் கயிறுபோல் தொங்குகிற தனிக் காம்புகளில் வருகிறது. நாம் பாம்புப் படம் என்று பார்க்கிற வளைந்த மேல்மூடியில் உள்ளவையும், லிங்கத்தைச் சுற்றி வட்டமாக நிற்கிறவையும் மகரந்தத் தாள்களே. இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்தையே கூலியாகக் கொடுக்கிறது. படத்தில் உள்ளது வண்டு தின்பதற்கு; அது முளைக்காது. அதைத் தின்ன நுழைகிறபோது கீழ் வட்டத்தில் உள்ள நிஜ மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அடுத்த பூவுக்குப் போகிறது. காய் பீரங்கிக் குண்டு அளவு. அதனடியில் நெடுநேரம் தியானம் செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஜூன் மாதம் மழை வந்ததும் வெளியூர் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த காலம் இதுதான். மரங்கள் பச்சையாகிவிடும், கண் தானாகக் கீழே இறங்கும், இடுப்பு உயரத்தில் நிற்கிற புதர்ச்செடிகள் அப்போதுதான் தெரியும். புதர்ச்செடிக்கு நம்மிடம் மரியாதை குறைவு. வேலி, எல்லை, நடைபாதை ஓரம் என்று வைத்து, கத்தரியால் சதுரமாக வெட்டி, பூக்கிற நுனியையெல்லாம் குப்பையில் போடுகிறோம். பூ வேண்டுமென்றால் புதரை அதன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் விடவேண்டும். வெட்டுவதானால் பூத்து முடிந்த பிறகு வெட்டவேண்டும். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை இது.

முசாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். நர்சரியில் எல்லோரும் வாங்குகிற அந்த இளஞ்சிவப்புப் புதர். செடி முழுக்கப் பட்டுத்துணி போர்த்தினாற்போல் தெரிகிறதே, அது இதழ் அல்ல. அசோகு செய்த அதே வேலை, புல்லி இதழ். நிஜப் பூ நடுவில் நட்சத்திரம்போல் மஞ்சளாகச் சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற வெள்ளிமடந்தையில் பூவுக்கு ஒரு புல்லி இதழ்தான் வெள்ளை இலையாக நீளும். பிலிப்பைன்ஸில் மக்கிலிங் மலையில் ஐந்தும் பெரிதாக விரிந்த ஒரு வெள்ளைச் செடி கிடைத்தது. அதற்கு அதிபர் கெசோனின் மனைவி பெயரால் டோன்யா அரோரா என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து கலப்பினங்கள் உண்டாக்கி, அடுத்தடுத்த அதிபர்களின் மனைவியர் பெயரையெல்லாம் சூட்டினார்கள். அரோரா விதை வைக்காது. பதியன் போட்டுப் போட்டுத்தான் உலகம் முழுக்கப் போயிற்று.

காகிதப்பூவும் இதே சாதி ஏமாற்று. அங்கே நிறம் பூசிக்கொண்டது புல்லி இதழ்கூட அல்ல, பூவைத் தாங்குகிற மூன்று இலைகள். உள்ளே தீக்குச்சிபோல் நிற்கிற மூன்று வெள்ளைக் குழல்கள்தான் பூ. 1760களில் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல் தலைவர் புகன்வீலின் பெயர் இந்தக் கொடிக்கு. அந்தக் கப்பலின் தாவரவியலாளர் கொமர்சன், ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் ஏறியவர் ஜான் பாரெ என்ற பெண். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் அவர்தான். கொமர்சனுக்குக் காலில் புண், நடக்கமுடியாது. ஆகவே மேலே ஏறிப் பறித்தது பாரெயாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. கொடிக்கு மட்டும் தலைவர் பெயர்! கல்கத்தாவில் தோன்றிய மேரி பாமர் என்ற ரகம் ஒன்று உண்டு. ஒரே கிளையில் வெள்ளையும் மெஜந்தாவும் சேர்ந்து வரும். காகிதப்பூவுக்குத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் இலையாகத் தள்ளும், காயவிட்டால் பூக்கும். அதனால்தான் மழைக்கு முந்தைய கோடையில் அது ஊரையே கொளுத்துகிறது, மழை பிடித்ததும் பச்சைக்குத் திரும்பிவிடுகிறது.

மழைக்காலத்தில் நிறம் கொடுப்பவை வேறு. வெட்சி, அதாவது குழந்தைகள் தேன் உறிஞ்சுகிற இட்லிப்பூ, மயில்கொன்றை, ரயான் துணிபோல் சுருங்கிய இதழ்களோடு லேகர்ஸ்ட்ரோமியா. கோடை மழை விழுந்தவுடன் பிரன்ஃபெல்சியா. இதற்கு நர்சரியில் 'நேற்று, இன்று, நாளை' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர். முதல் நாள் கரு ஊதா, மறுநாள் வெளிர் ஊதா, மூன்றாம் நாள் வெள்ளை. ஒரே புதரில் மூன்று நிறமும் ஒரே சமயத்தில் நிற்பதால், வேறு வேறு பூ என்று நினைத்துப் பலர் விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் போனால் மணமே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

செப்டம்பரில் மறுபடி அண்ணாந்து பார்க்கவேண்டும். ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் உச்சியில் தீப்பந்தம்போல் சிவப்புக் கிண்ணங்கள். மொட்டுக்குள் தண்ணீர் இருக்கும். நுனியைக் கிள்ளி அழுத்தினால் பீய்ச்சும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த மரத்தின் பூவுக்குள் தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெளிநாட்டு மரமே வேண்டாம் என்கிறவர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு இதில் நடுவழி. புதிதாகத் தெருவில் நடுவதானால் புங்கமும் பூமருதும் மகிழமும் நடட்டும். நம் ஊர்ப் பறவைக்கும் பூச்சிக்கும் அது தெரிந்த சாப்பாடு. ஆனால் தாவரவியல் தோட்டம் என்பது உலகத்தின் மரங்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத்தானே இருக்கிறது? மடகாஸ்கர் போக எனக்குப் பென்ஷன் போதாது.

அந்த மடகாஸ்கரிலிருந்து வந்த இன்னொன்று, கோல்வில்லியா. மொரீஷியஸ் ஆளுநர் சார்லஸ் கோல்வில் பெயர் கொண்டது. இலையைப் பார்த்தால் செம்மயிற்கொன்றை என்றே சொல்லிவிடுவீர்கள். செப்டம்பர், அக்டோபரில்தான் குட்டு உடையும். ஆரஞ்சு நிறத்தில் திராட்சைக் குலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாற்போல் மொட்டுகள், ஒவ்வொன்றும் உருண்டை. மே மாதத்துப் பூ இப்போது ஏன் என்று நினைத்துக்கொண்டே இதன் அடியில் பலர் நடந்துவிடுகிறார்கள்.

பிறகு மரமல்லி. கன்னடத்தில் ஆகாச மல்லிகே. பர்மா, தென்கிழக்கு ஆசியப் பக்கத்து மரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவில் மலர்ந்து, நீண்ட நாக்குள்ள அந்திப் பூச்சிகளுக்கு விருந்து வைத்துவிட்டு, விடிவதற்குள் தரையில் இருக்கும். குழலின் நீளத்தைப் பார்த்தால் விருந்தாளி யார் என்று புரிந்துவிடும். குட்டை வாய்க்கு அந்தத் தேன் எட்டாது. வெள்ளைப் பூ, இரவு மணம், நீளக் குழல் மூன்றும் சேர்ந்தால் அது இரவுப் பூச்சிக்காகச் செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஊசியால் கோத்ததுபோல் பிள்ளைகள் இதை ஒன்றுக்குள் ஒன்று செருகி மாலை செய்வார்கள், நூலே வேண்டாம். தோட்டம் காலை 6 மணிக்குத் திறக்கிறது. ஏழரைக்குள் துடைப்பம் வந்துவிடும் என்பதால் இதற்கு மட்டும் சோம்பல் உதவாது.

லால்பாக்குக்குள் பருவமே இல்லாத மரம் ஒன்றும் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரத் துண்டு. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை நான் அங்கே நிறுத்தாமல் விடுவதில்லை. அவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கெம்பேகவுடா கோபுரப் பாறைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பாறையின் வயது 300 கோடி ஆண்டு என்றால் கல்மரம் குழந்தைதான்.

டிசம்பரில் பாயின்செட்டியா சிவக்கும். மெக்சிகோச் செடி, அதிலும் சிவப்பது பூ அல்ல, இலை. சிவக்க அதற்கு நீண்ட இரவு வேண்டும், அதுவும் இடைவெளி இல்லாத இருட்டு. நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு செடி இலையால் கணக்கெடுக்கிறது. என் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்கிற பாயின்செட்டியா பச்சையாகவே இருக்கிறது. பின்பக்கம் இருட்டில் உள்ள அதன் கூடப்பிறந்தது சிவந்துவிட்டது.

அப்புறம் இளஞ்சிவப்பு டபேபூயா. அடர்ந்த ரோஜா நிறம், தொண்டையில் மஞ்சள். நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை. பராகுவே நாட்டின் தேசிய மரம் இதுதான். தென் அமெரிக்காவில் இதன் மரம் கருங்காலியைப்போல் கனமும் உறுதியும் கொண்டது என்று வீட்டுத் தளத்துக்கு அறுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். அடுத்து மார்ச்சில் வருகிற வெளிர் ரோஜா, வசந்தராணி என்று நர்சரிகளில் சொல்கிறார்களே, அது இதன் பங்காளி. எல் சால்வடோரின் தேசிய மரம்.

இலை இல்லாமல் இந்த டபேபூயாக்கள் எப்படிப் பூக்கின்றன? மழை நின்று மண் காயத் தொடங்கியதும் மரம் இலைகளைக் கழற்றிவிடுகிறது. இலை வழியே ஆவியாகிப் போன தண்ணீர் இப்போது மரத்துக்குள்ளேயே தங்கும். கிளை நுனிகளில் முன்பே தயாராகித் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளுக்கு அந்த ஈரம் போதும். எல்லாம் ஒரே சமயத்தில் வீங்கி விரிகின்றன. இலை மறைக்காததால் வண்டுக்கும் தேன்சிட்டுக்கும் தூரத்திலிருந்தே தெரியும். அக்டோபர் மழை நவம்பர் வரை இழுத்த வருஷங்களில் இந்த இளஞ்சிவப்பு தள்ளிப்போவதையும், ஒரே வீச்சாக வராமல் கிளை கிளையாக வருவதையும் நான் பார்த்திருக்கிறேன். க்ரும்பீகல் போட்ட அட்டவணைக்கு மேகம் கட்டுப்படுவதில்லை. தோட்டக்காரரிடம் கேட்டேன், இந்த வருஷம் எப்போது என்று. "மழய கேளுங்கம்மா, என்ன கேட்டா?" என்றுவிட்டார்.

இந்த இளஞ்சிவப்பு இருக்கும் ஜனவரியில்தான் கண்ணாடி மாளிகையில் குடியரசு தின மலர்க் கண்காட்சியும் நடக்கிறது. 1889இல் அடிக்கல் நாட்டிய அந்த மாளிகைக்குள் லட்சக்கணக்கான பூக்களால் கோபுரமும் தேரும் செய்து வைப்பார்கள்; ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்கு இன்னொன்று. பார்க்கவேண்டியதுதான், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் மரம் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ, விடிந்ததும் வாருங்கள். மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கம்தான். வீட்டில் இருந்தால் நானும் வருகிறேன். கையில் ஒரு துணிப்பை மட்டும் போதும், கீழே கிடப்பதைப் பொறுக்கிப் போட.